லெப்டொப்பை ஓவர்க்ளொக் பண்ண முதல் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கொஞ்ச நாளாக நம் பிள்ளைகளுக்குள் ஒரே பேச்சு. லெப்டொப்பின் கிராபிக்ஸ் கார்டை ஓவர்க்ளொக் செய்தால் கேம் பறக்குமாம். "சேர், எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் போட்டா ஒண்டும் ஆகாதுதானே?" என்று வகுப்பு வாசலில் வைத்தே கேட்கிறார்கள். பெற்றோர் பலருக்கு வீட்டில் இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. இரு தரப்புக்குமாக இதை எழுதுகிறோம்.

கம்பனி வைத்த வேகத்தை விடக் கூடுதலாக சிப்பை ஓட வைப்பதுதான் ஓவர்க்ளொக். மென்பொருள் இலவசம். கோர், மெமரி இரண்டின் அளவையும் சற்று நகர்த்தினால் முடிந்தது. இதைச் செய்த உடனே கார்ட் எரிந்துவிடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவது சரியில்லை. அளவு கூடினால் பெரும்பாலும் திரையில் புள்ளிகள் வரும், கேம் இடையில் நின்றுவிடும். பழைய அளவுக்குத் திருப்பினால் சரி.

ஆனால் லெப்டொப்பில் கிடைக்கும் லாபம் என்ன? மேசைக் கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் 170 வொட் மின்சாரம் எடுக்கும். அதே பெயரில் லெப்டொப்பில் வருவதற்குப் பெரும்பாலும் 60 முதல் 115 வொட் வரைதான். மெல்லிய உடம்பு, சின்ன ஃபேன், அந்தச் சூட்டுக் குழாயையும் பல மொடல்களில் சிபியுவோடு பங்கு போட வேண்டும். அதனால்தான் 2015 இல் என்விடியா தனது 900எம் வரிசை லெப்டொப் கார்ட்களில் இந்த வசதியையே டிரைவர் மூலம் நிறுத்தியது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. எம்மைக் கேட்டால் இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

எங்கள் வீட்டு ஜிடிஎக்ஸ் 1650 லெப்டொப்பில் நாமே செய்து பார்த்தோம். கோரை 120 மெகாஹேர்ட்ஸ் கூட்டியதும் 58 ஃபிரேம் 62 ஆனது. மகனுக்குத் தலைகால் புரியவில்லை. இருபது நிமிடம் போனது, வெப்பநிலை 86 பாகை. சூடு தாங்காமல் கார்ட் தானே வேகத்தைக் குறைத்து 57க்கு இறங்கியது. ஓவர்க்ளொக் செய்யாமல் கிடைத்ததை விடக் குறைவு!

பிறகு பின்மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளி போலத் தூசி. அதை எடுத்து, காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டை மாற்றி, பின்பக்கத்துக்கு இரண்டு போத்தல் மூடி வைத்து உயர்த்தினோம். கூட்டிய வேகத்தையும் எடுத்துவிட்டோம். 61 ஃபிரேம், ஒரு மணித்தியாலமாகியும் இறங்கவில்லை.

இன்னொரு வழி அண்டர்வோல்ட். அதே ஆஃப்டர்பேர்னரில் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து அதே வேகத்தில் ஓட விடுவது. மின்செலவு ஏறத்தாழ வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், சிறிது குறைத்தாலும் சூடு நன்றாகவே இறங்கும். ஓவர்க்ளொக்கைப் பற்றிப் பேசுகிற பிள்ளைகளில் இதை அறிந்தவர் குறைவு.

பெற்றோர் விளங்க வேண்டியது ஒன்று. லெப்டொப்பில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. அது போனால் கழற்றி வேறொன்று போட முடியாது. அண்மையில் ஒரு மாணவனின் லெப்டொப் செத்துப்போய், போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்ன விலைக்கு பாவித்த லெப்டொப் ஒன்றையே வாங்கலாம் போலிருந்தது. ஓவர்க்ளொக்தான் காரணமா, வருடக்கணக்கான தூசியா என்று எம்மால் சொல்ல முடியாது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய நேரத்தில் கடன்பட்டு வாங்கிய மெஷின் அது. அதில்தான் தாத்தாவின் கெம்பஸ் அசைன்மென்டும் இருந்தது. வொறண்டியை நம்பியும் இறங்க வேண்டாம். ஓவர்க்ளொக்கால் வரும் சேதத்துக்கு வொறண்டி இல்லை என்று ஏஎம்டி தன் மென்பொருளிலேயே எச்சரிக்கிறது.

ஆகவே வீட்டில் ஒரே ஒரு லெப்டொப் என்றால், தம்பிமாரே, அதில் கை வைக்காதீர்கள். சொந்தமாக ஒன்று இருந்து, கட்டாயம் செய்துதான் பார்ப்போம் என்றால் 25, 25 மெகாஹேர்ட்ஸாகக் கூட்டுங்கள். கண் ஃபிரேமில் அல்ல, வெப்பநிலையில் இருக்கட்டும். வோல்டேஜைக் கூட்ட வேண்டாம்.

தூசி எடுக்கத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு லெப்டொப்பைக் கொண்டு வாருங்கள். வாப்பாவிடமோ உம்மாவிடமோ கேட்டுவிட்டு வர வேண்டும். ஸ்க்ரூ ட்ரைவரும் பிரஷும் எங்களிடம் இருக்கின்றன, பேஸ்ட்டை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள்.