யார் இட்ட உப்பு?

கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையா, நல்லதா என்று கையில் எடுத்துப் பார்க்கிறோம். வீடியோ விளையாட்டை அப்படிப் பார்த்து வாங்க முடியாது. பணம் கொடுத்து, வீட்டில் விளையாடிய பிறகே அதன் குணம் தெரியும்.

ஆகவே, முன்னதாக விளையாடிப் பார்த்தவரின் விமர்சனத்தை நம்புகிறோம். பத்துக்கு இத்தனை மார்க் என்று அவர் போடுகிறார். மகன் அதைக் காட்டுகிறான். தந்தை பணத்தை எடுக்கிறார்.

அந்த மார்க்கின் பின்னால் விளம்பரப் பணம் நின்றால்?

வேலை போயிற்று!

அமெரிக்காவில் 'கேம்ஸ்பாட்' என்ற இணையதளம் இருக்கிறது. விளையாட்டுகளை விமர்சிப்பது அதன் தொழில். ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்பவர் அங்கே பல ஆண்டுகள் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார். 2007 நவம்பரில் 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அவர் பத்துக்கு 6 மார்க் போட்டார். அதை வெளியிட்ட 'ஈடோஸ்' கம்பெனியோ, அதே தளத்தில் அந்த விளையாட்டுக்குப் பெரிய அளவில் விளம்பரம் கொடுத்திருந்தது!

அந்த மாதமே கெர்ஸ்ட்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளம்பரக்காரர்களின் நெருக்குதல் காரணமல்ல என்று நிறுவனம் மறுத்தது. வாசகர்கள் நம்பவில்லை. உடன் வேலை செய்தவர்கள் சிலரும் வெளியேறினார்கள்.

2008-ல் கெர்ஸ்ட்மன் 'ஜயன்ட் பாம்' என்ற தளத்தைத் தொடங்கினார். 2012-ல் கேம்ஸ்பாட்டின் உரிமையாளரே அதை விலைக்கு வாங்கினார். அப்போதுதான் கெர்ஸ்ட்மன் நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார். மார்க் குறைந்ததால் விளம்பரத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டல் வந்தது. நிர்வாகம் பணிந்தது என்றார்.

ஒருவருக்கு வேலை போனால், ஒன்பது பேரின் பேனா தயங்கும். கெடுதல் அங்கேதான்.

மறைத்து வைத்த உண்மை

இன்னொரு வழியும் உண்டு. 2014-ல் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' என்ற விளையாட்டை வார்னர் பிரதர்ஸ் கம்பெனி வெளியிட்டது. யூடியூபில் பேர் பெற்றவர்களுக்கு அது பணம் கொடுத்தது. சிலருக்கு நூற்றுக்கணக்கான டாலர். சிலருக்குப் பல்லாயிரம் டாலர். நல்லபடியாகவே பேச வேண்டும், குறைகளைக் காட்டக்கூடாது என்பது நிபந்தனை. பணம் வாங்கிய செய்தி, படத்தின் கீழே, எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருந்தது. அந்தப் படங்கள் 55 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டன.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதைக் குற்றமாகச் சாட்டியது. பணம் கொடுத்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2016-ல் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

விளம்பரம் பாவமா?

இல்லை. உங்கள் கையில் இருக்கும் இந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வருகிறது. அந்த வருமானம் இல்லாவிட்டால் இந்த விலைக்குப் பத்திரிகை கொடுக்க முடியாது. ஆனால், விளம்பரம் விளம்பரமாகவே வரவேண்டும். விமர்சனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரக்கூடாது. விளம்பரம் வாங்குகிறவர், எழுதுகிறவரின் மேஜைப் பக்கம் வரவும் கூடாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். விமர்சகருக்கு உப்பிட்டவர் யார்? விளம்பரக்காரர் என்று தோன்றும். சற்று யோசித்துப் பாருங்கள். வாசகர் வராத இடத்தில் எந்தக் கம்பெனி விளம்பரம் செய்யும்? வாசகர் கூடுவதால்தான் பணம் வருகிறது. நம்பிக்கை இருப்பதால்தான் வாசகர் கூடுகிறார். ஆகவே, அந்த உப்பு வாசகர் இட்ட உப்பு!

நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் மத்திய அரசு விதிகளை வெளியிட்டது. பணமோ பரிசோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்கிறவர்கள் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். மக்களை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சட்டம் மட்டும் போதாது. பெற்றோர்களே, பிள்ளை ஒரு விளையாட்டைக் கேட்டால், அவனோடு உட்கார்ந்து இரண்டு மூன்று விமர்சனங்களைப் பாருங்கள். குறை ஒன்றுகூடச் சொல்லாதவரைச் சந்தேகியுங்கள். "இவருக்குப் பணம் கொடுத்தது யார்?" என்று கேட்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

அந்தக் கேள்வி விளையாட்டுக்கு மட்டுமல்ல. வாழ்நாள் முழுவதும் அவனுக்கு உதவும்.