நோ ட்யூ சர்டிபிகேட்டும் அன்னாசிச் சட்டையும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் செம்பூர் வீட்டில் நடந்த ஒரு சின்ன வாக்குவாதம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். வந்தவர் விருந்தாளி என்பதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக அது உள்ளேயே வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது. இன்று அசலும் வட்டியுமாக இறக்கி வைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். இந்தத் தடவை லீவில் வந்தவன், கப்பல் போசன் அன்பாகக் கொடுத்தனுப்பியது என்று இரண்டு உருப்படி கொண்டுவந்தான். என் பெண்ணுக்கு ஒரு கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சில் வளைந்து நெளிந்து மூன்று எழுத்து. 'பைபாயின்' என்கிற அவர்களுடைய பழைய எழுத்தில் 'பாயான்' என்று எழுதியிருக்கிறதாம். அந்த ஒரே சொல்லுக்கு ஊர் என்றும் பொருள், நாடு என்றும் பொருள். எனக்கு ஒரு பாரோங் தகாலோக். அதுதான் அவர்களுடைய தேசிய உடை. மெல்லிசாக, உள்ளே போட்ட பனியன் தெரிய, முன்பக்கம் பூ வேலைப்பாட்டோடு இருக்கும் முழுக்கைச் சட்டை.

நண்பர் டி-ஷர்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இவங்களுக்கு ஏது சார் சொந்த வரலாறு? பேரு ஸ்பானிஷ், பேச்சு அமெரிக்கன், சாமி ரோமாபுரி. மிச்சம் இருக்கறது இந்தக் கிறுக்கல் போட்ட பனியன்தான்." எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன் முகம் மட்டும் சுண்டிப்போனது. மாதக்கணக்கில் அந்த ஆட்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன் அவன். என் பெண் டி-ஷர்ட்டை மடித்து உள்ளே எடுத்துப் போனாள். அப்புறம் அதை வெளியே எடுக்கவில்லை.

முதலில் நண்பருக்குப் பதில்.

1989-ல் லகூனா மாகாணத்தில் லும்பான் என்ற ஊரின் ஆற்று முகத்தில் மணல் எடுத்தபோது ஒரு செப்புத் தகடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900 என்று அதிலேயே தேதி இருக்கிறது. ஸ்பெயின்காரன் வருவதற்கு 600 வருஷம் முந்தியது. பழைய மலாய் மொழி, நடுநடுவே சமஸ்கிருதம். எழுத்து 'கவி' எழுத்து. அது நம் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. தகட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? நம்வரான் என்பவரும் அவர் பிள்ளைகளும் தங்கத்தில் பட்டிருந்த கடன் தீர்ந்தது, இனி அவர்கள் வாரிசுகளிடம் யாரும் கேட்கக்கூடாது என்று. சுத்தமான நோ ட்யூ சர்டிபிகேட்! இருபது வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. கடன் கொடுத்து, வாங்கி, தீர்த்து, தேதி போட்டு எழுதி வைத்த ஜனத்துக்கு வரலாறு இல்லையாம்!

அந்தக் 'கிறுக்கல்' இருக்கிறதே, 17 எழுத்துகள் கொண்ட பைபாயின், அதுவும் பிராமி வழி வந்த குடும்பம்தான். 1593-ல் மணிலாவில் அச்சான 'டாக்ட்ரினா கிறிஸ்டியானா' புத்தகத்திலேயே அது இருக்கிறது. நம்மைப் போலவே உயிரெழுத்து மாற மேலேயும் கீழேயும் குறி போடுவார்கள். ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. 1620 வாக்கில் ஒரு ஸ்பானிஷ் பாதிரியார் அதற்காகச் சிலுவைக் குறி ஒன்றைச் சேர்த்தார். என் பெண்ணின் டி-ஷர்ட்டில் மூன்றாவது எழுத்தின் அடியில் அந்தச் சிலுவை இருக்கிறது. பிராமியும் பாதிரியும் மூன்று எழுத்துக்குள் அடக்கம். இதற்கு மேல் என்ன சார் வரலாறு வேண்டும்?

இன்னொன்று. 1762-ல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை மெட்ராஸிலிருந்துதான் கப்பலேறியது. 1764-ல் படை திரும்பியபோது கூடப் போன சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்ற ஊரில் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார்கள். ஆகவே பிலிப்பைன்ஸ்காரரைக் கிண்டல் பண்ணும்போது கொஞ்சம் பார்த்துப் பண்ணவும், தூரத்துச் சொந்தமாக இருக்கப்போகிறது :-)

சரி, நண்பரோடு கணக்கு முடிந்தது. ஆனால் எனக்கு உண்மையான கோபம் அவர் மேல் இல்லை. அந்தப் பாரோங் மேல்.

சட்டையில் ஒரு அட்டை தொங்கியது. ஸ்பெயின்காரர்கள் இவர்களை நம்பாமல், ஆயுதத்தை மறைக்கக்கூடாது என்று மெல்லிய துணியில், இன் பண்ணாமல் சட்டை போடச் சட்டம் போட்டார்களாம். அந்த அடிமைச் சின்னத்தையே பெருமைச் சின்னமாக மாற்றினார்களாம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு சட்டம் இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். நிஜக் கதை போதாதா? 1953-ல் ரமோன் மக்சேசே ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, கோட்டு சூட்டை ஒதுக்கிவிட்டுப் பாரோங்கில் வந்து நின்றார். பதவியேற்புக்கு அதை உடுத்திய முதல் ஜனாதிபதி அவர்தான். நெஞ்சை நிமிர்த்த இது போதும். பொய் எதற்கு?

அட்டைதான் பொய் என்றால் துணி? அசல் பாரோங் 'பின்யா' துணியில் ஆனது. அன்னாசி இலை நார். அக்லான் மாகாணத்தில் கலிபோ ஊரைச் சுற்றி இதுதான் தொழில். இலையை முதலில் உடைந்த பீங்கான் தட்டால் சுரண்டி முரட்டு நாரை எடுப்பார்கள். அப்புறம் தேங்காய் ஓட்டால் சுரண்டினால் மெல்லிய நார் வரும். அலசி, காயவைத்து, ஒவ்வொரு இழையையும் கையால் முடிச்சுப் போட்டு நீட்டித்து, பிறகுதான் தறியில் ஏறும். 2023-ல் யுனெஸ்கோ இந்த நெசவை மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லும்பானில் பூ வேலைப்பாடு செய்கிறார்கள். ஆமாம், செப்புத் தகடு கிடைத்த அதே லும்பான்!

என் சட்டையின் உள் லேபிளைப் பார்த்தேன். நூறு சதவீதம் பாலியெஸ்டர். பூவெல்லாம் மெஷின் தையல்.

போசனைக் குறை சொல்லவில்லை. அவர் அன்பு நூறு சதவீதம் அசல். ஆனால் விற்றவன் அவரிடமும் பெருமையைக் காட்டித்தானே காசு வாங்கியிருப்பான்? அந்தக் காசில் அன்னாசி இலை சுரண்டிய கைக்கு என்ன போயிருக்கும்? பூஜ்யம்.

செபு ஏரிக்கரையில் டிபோலி இனப் பெண்கள் அபாக்கா நாரில் நெய்யும் 'டினாலாக்' துணிக்கும் இதே கதி. கனவில் வந்த கோலத்தைத்தான் நெய்வார்கள். லாங் துலாய் என்ற அம்மையாருக்கு 1998-ல் நாட்டின் உயர்ந்த கைவினை விருது கொடுத்தார்கள். 2015-ல் காலமாகிவிட்டார். அந்தக் கோலம் மட்டும் ஏதோ ஒரு மெஷினில் அச்சாகி, பையிலும் பர்ஸிலும் 'பாரம்பரியம்' என்று விலை போகிறது. கனவு கண்டவள் ஒருத்தி, காசு பார்ப்பவன் வேறொருத்தன்.

"எல்லாரும் பின்யா வாங்க முடியுமா? அது பணக்காரன் சட்டை" என்று சிலர் பின்னூட்டம் போட வருவீர்கள். நியாயம்தான். வாங்கவே வேண்டாம். பருத்தி டி-ஷர்ட் போடுங்கள். அது தன்னை டி-ஷர்ட் என்றுதான் சொல்லிக்கொள்கிறது, யார் தறியையும் பறிக்கவில்லை. என் கணக்கில், நண்பர் கேலி பண்ணிய டி-ஷர்ட்தான் யோக்கியமான சரக்கு. அவர் "ஜம்முனு இருக்கு சார்" என்று தடவிப் பார்த்த பாரோங்தான் போலி.

நெசவாளிக்கு எங்களைப் போன்ற பாங்க்காரர்கள் கடன் கொடுத்தால் மட்டும் போதாது. ஆர்டர் இல்லாமல் கடன் கொடுத்தால் அது கழுத்துக் கயிறு. இதைப் புரிந்துகொண்டுதானோ என்னவோ, பிலிப்பைன்ஸில் 2004-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அரசு ஊழியர் சீருடைக்கு உள்நாட்டு நார் கலந்த துணியைப் பயன்படுத்த வேண்டும் என்று. பாராட்டு விழா, விருது, பொன்னாடை எல்லாவற்றையும் விட உருப்படியான காரியம்.

வெளியூரில் பிழைக்கும் நமக்கு அந்த போசனை நன்றாகவே புரியும். ஊரைத் தூக்கிக்கொண்டு வரமுடியாது, அதனால் உடம்பில் போட்டுக்கொள்கிறோம். தப்பே இல்லை. ஆனால் ஊர்ப் பெருமை என்பது கடனாக வாங்கியது. நெய்தவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தால்தான் அந்தச் செப்புத் தகடு மாதிரி, 'கடன் தீர்ந்தது' என்று எழுதிக்கொள்ள முடியும். அதுவரை நாம் போட்டுக்கொண்டு திரிவது வாராக்கடன்.

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். சார், வரும் ஞாயிறு அவசியம் வாங்க. காபி தயார். தகட்டுக் கதையைப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன், டி-ஷர்ட் இப்போது பால்கனியில் காய்கிறது.

டிஸ்கி: பாரோங்கை என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டம்மா கேட்கிறாள். போசன் கொடுத்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை. அட்டையை மட்டும் கிழித்தாயிற்று.