நரம்பு பிறர் நாட்டது. நாவுமா பிறர் நாட்டது?

பள்ளிப் பையை இறக்கி வைத்த கையோடு கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு இசைப் பயிற்றகம் செல்லும் சிறுவரையும் சிறுமியரையும் தமிழகத்துப் பெருநகர்களில் இன்று மாலைதோறும் காணலாம். இசை கற்கும் ஆர்வம் எவ்வகையிலும் பழிக்கத்தக்கதன்று. ஆயின், அப்பயிற்றகத்தில் அமர்ந்தவுடன் அக்குழந்தைகளின் செவியில் விழும் முதற்சொல் எம்மொழிச் சொல்? நரம்பின் பெயர் ஆங்கிலம். மெட்டின் பெயர் ஆங்கிலம். விரலின் பெயருங்கூட ஆங்கிலம்! தமிழாசான் ஒருவர் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் மண்ணில் கற்பிக்கும் கலைக்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல்லும் வேண்டப்படவில்லை என்றால், அது யாருக்கு இழுக்கு?

இதனைக் கண்டு மனம் புழுங்கும் தமிழன்பர் சிலர், "அயலவன் கருவியை அறவே தொலைப்போம்" என்கின்றனர். அவர்தம் சினம் பொருளுடையது; முடிவு பொருந்தாதது. எந்தக் கருவியும் ஓரினத்தின் வேலிக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. கித்தார் என்னும் பெயரே கிரேக்கத்துக் கித்தாராவினின்று அரபியர் வழியாக எசுப்பானியத்தை அடைந்தது. இன்றுள்ள ஆறு நரம்புக் கித்தாரின் உருவையும் அளவையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செப்பஞ்செய்தவர் அந்தோனியோ தெ தோரெசு என்னும் எசுப்பானியக் கைவினைஞர். வந்த பெயரை எசுப்பானியர் தம் நாவுக்கேற்ப வழங்கினர். வந்த கருவியைத் தம் கைக்கேற்பத் திருத்தினர். பிறரிடமிருந்து பெற்றும் அவர்கள் பிறராகிவிடவில்லை.

தமிழரும் இவ்வாறு பெற்றவரே. மேலை நாட்டுப் பிடில் தமிழகம் புகுந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அக்கருவியில் பெருந்திறன் எய்தி, திருவிதாங்கூர் மன்னரிடம் தந்தத்தாலான பிடிலை 1834-இல் பரிசாகப் பெற்றார். இன்று பிடில் இல்லாத இசையரங்கு இல்லை. ஆனால், அக்கருவியைக் கற்கத் தொடங்கும் தமிழ்ப்பிள்ளையின் முதற்பாடம் எது? சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம்! கன்னட நாட்டுப் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்பெறும் பாடமுறை அது. கீதங்களின் மொழி கன்னடமும் வடமொழியும். பின்னர் வருவன பெரும்பாலும் தெலுங்கு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அப்பெரியோர்தம் முயற்சியால் மேடையில் தமிழ்ப்பாட்டு ஏறியது. தொடக்கப் பாடத்தில் மட்டும் தமிழ் ஏறவில்லை. கருவியை ஏற்றதில் பிழையில்லை; கற்பிக்கும் மொழியைக் கைவிட்டதே பிழை. அதே பிழை கித்தாரிலும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. அன்று வடமொழி வாயில். இன்று ஆங்கில வாயில். தன் வீட்டிற்குள் நுழையத் தமிழனுக்குத் தன் வாயில் ஒன்று இல்லையா?

உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களும் பழந்தமிழர் வைத்தவை. குரலை முதலாகக் கொண்டு எண்ணும் வழக்கின்படி, மென்மை வன்மை வேறுபாட்டால் அவை பன்னிரண்டாக விரியும். கித்தாரின் கழுத்திலும் பன்னிரண்டு மெட்டுகள் ஏறினால் நரம்பின் நீளம் சரிபாதியாகி, தொடங்கிய ஒலியே மேற்குரலாய்ப் பிறக்கும். கணக்கு ஒன்றே, பெயர்தான் வேறு.

கற்பார் முதலில் அறியவேண்டுவது நரம்பு கூட்டுதல். அதைத் தமிழில் சொல்ல இயலாது என்பார் இதனைக் கேட்கட்டும்: தடித்த ஆறாம் நரம்பின் ஒலியைக் குரலாகக் கொண்டால், ஐந்தாம் நரம்பு அதன் மெல்லுழையில் நிற்றல் வேண்டும். ஆறாம் நரம்பின் ஐந்தாம் மெட்டை அழுத்தி மீட்டினால் அவ்வொலி கிடைக்கும்; அதனோடு ஐந்தாம் நரம்பை ஒத்திசையச் செய்க. ஐந்திலிருந்து நான்கும், நான்கிலிருந்து மூன்றும் அவ்வாறே. மூன்றாம் நரம்பிலிருந்து இரண்டாம் நரம்புக்கு மட்டும் உழையன்று, வன்கைக்கிளை. ஆகவே நான்காம் மெட்டு. இரண்டிலிருந்து முதல் நரம்புக்கு மீண்டும் மெல்லுழை. ஆறு நரம்பும் கூடிவிட்டன. இதில் எந்த இடத்தில் தமிழ் தடுமாறியது?

மூன்று ஒலிகளை ஒருங்கே எழுப்பும் கூட்டொலியும் இப்படித்தான். குரல், வன்கைக்கிளை, இளி சேர்ந்தால் ஒருவகை. வன்கைக்கிளை நிற்குமிடத்தில் மென்கைக்கிளை நின்றால் மற்றொருவகை. முன்னதில் நிமிர்வும் பின்னதில் உருக்கமும் தோன்றுவதைப் பத்து அகவைக் குழந்தையும் உணரும்.

சிலப்பதிகாரத்துக் கானல்வரியின் தொடக்கத்தில் யாழை இயக்கும் எண்வகைத் தொழில்கள் பேசப்பெறுகின்றன. அவற்றுள் முதலாவது பண்ணல். அஃதாவது நரம்புகளைப் பண்ணுக்கேற்ப அமைத்தல். இன்றைய கித்தார் மாணவர் முதல் நாளில் செய்வதும் அதுவே. வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என விரல்தொழில்களுக்கும் அங்கே பெயர்களுண்டு. யாழ் மறைந்தது, சொற்கள் மறையவில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டதும், விபுலானந்த அடிகள் 1947-இல் 'யாழ்நூல்' தந்ததும் அவற்றை அலமாரியில் பூட்டுதற்கன்று; பிள்ளைகளின் வாயில் வழங்குதற்கே.

"ஆங்கில எழுத்துப் பெயர்கள் உலகப் பொதுவாயிற்றே" என்று மறுப்பார் உளர். இஃது அறியாமை. கித்தாரின் தாயகமாகிய எசுப்பானியத்தில் அவ்வெழுத்துப் பெயர்கள் வழக்கில் இல்லை. அங்கே தோ, ரே, மி என்பனவே இசைப்பெயர்கள். பிரெஞ்சியரும் இத்தாலியரும் அவ்வாறே. செருமானியர் எழுத்துப் பெயர்களையே வழங்கினும், ஓர் ஒலிக்கு ஆங்கிலேயர் வைத்ததைவிட வேறோர் எழுத்தைத் தமக்கென வைத்துள்ளனர். அதனால் அவர்தம் இசை தாழ்ந்துவிட்டதா? தமிழ்ப்பெயரைக் கற்ற பின்னர் ஆங்கிலப் பெயரையும் அறிந்துகொள்வது அரைநாள் வேலை. வேரில் நின்று கிளையைத் தொடுவது எளிது. கிளையில் தொங்கிக்கொண்டு வேரைத் தேடுவது அரிது.

தொடக்கப்பாடத்தையே இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? கற்கத் தொடங்கிய முதற்கிழமைகளில் எஃகு நரம்பு விரல்நுனியை அறுப்பதுபோல் வருத்தும். மெட்டு சரியாக அழுந்தாமல் ஒலி செத்துப் பிறக்கும். பலர் அந்நிலையிலேயே கருவியை மூலையில் சாய்த்துவிடுவர். பொறுத்தவர்க்கு நுனித்தோல் காய்ப்பேறி, விரல் தானே இடமறியும். அந்த வலியோடு பதியும் சொல் வாழ்நாள் முழுதும் நீங்காது. முதலிற் பதிந்தது அயற்சொல்லாயின், பின்னர் அப்பிள்ளை எத்துணைப் பெரிய இசைவாணராயினும் இசையை அயல்மொழியிலேயே எண்ணுவார்; தமிழுக்கும் இசைக்கும் தொடர்பில்லை என்றே நம்புவார். முத்தமிழில் ஒரு தமிழ் அவரளவில் அற்றுப்போகும். மேடையில் இழந்ததை மீட்கலாம். மழலையில் இழந்ததை மீட்பது எங்ஙனம்?

ஆகவே செய்யவேண்டுவன சிலவே. தமிழிசைப் பெயர்களால் கித்தார் கற்பிக்கும் தொடக்கநூல் ஒன்றை இசையறிந்த தமிழர் எழுதுக. காணொளிவழிக் கற்பிப்போர் குரலையும் இளியையும் பெயர் சொல்லி மீட்டிக் காட்டுக. பெற்றோர் தம் பிள்ளையைச் சேர்க்கும் முன்னர், "தமிழில் கற்பிப்பீரா?" என்று ஆசானிடம் ஒருமுறையேனும் வினவுக. கேட்பார் பெருகினால் கொடுப்பாரும் பெருகுவர்.

கித்தார் ஒலிக்கட்டும், தமிழிளைஞர் விரல்கள் அதில் தேரட்டும். ஆனால், முதல் நரம்பு அதிரும்போது குழந்தையின் நாவில் எழும் முதற்பெயர் குரல் என்பதாகுக! அது தமிழின் குரலாகுக!