விந்தையும் விசாரணையும்

இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பிலே, வழமைக்கு மாறான கட்டுரைகள் எனத் தொகுக்கப்பட்ட பட்டியலொன்று உண்டு. இலண்டன் மாநகரிலே பியர் வெள்ளம் பெருகி 8 பேர் மாண்டமை, பொஸ்ரன் நகரிலே சீனிப்பாகு அலையாக எழுந்து 21 பேரை விழுங்கியமை, அவுஸ்திரேலியப் படையினர் ஈமுப் பறவைகளோடு பொருது தோற்றமை போன்ற செய்திகளைத் தேடித் திரிவோர்க்கு அது வற்றாத சுரங்கம். விடுதி அறைகளில் நள்ளிரவு தாண்டியும் இச்சுரங்கத்தை அகழ்வோர் உளர். மறுநாட் காலையில் சிற்றுண்டிச்சாலையிலே தேநீர்க் கோப்பையோடு அச்செய்திகள் பரிமாறப்படுகின்றன. கேட்டோர் சிரிப்பர், வியப்பர், அடுத்த செய்திக்குச் செல்வர். இவ்வாறு நூறு செய்திகளை ஒப்புவிக்க வல்லவன் அறிஞனென மதிக்கப்படுவதும் உண்டு.

இம்மதிப்புத் தவறானது. விந்தைத் தகவல் என்பது அறிவின் முதற்படியென்று அதன் ஆதரவாளர் கூறுவர். நடைமுறையில் அது பெரும்பாலும் அறிவின் கடைசிப் படியாகவே முடிகின்றது. பத்திரிகைகளின் மூலைப் பெட்டிகளில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்பில் வந்தவற்றின் வாரிசே இது. ஒரு நிகழ்ச்சி விந்தையாவதற்கு அதிலிருந்து சில உறுப்புகள் வெட்டியெறியப்படல் வேண்டும். எவர் மாண்டனர், எவருடைய பொருளால் மாண்டனர், எவர் முன்கூட்டி அறிந்திருந்தனர், ஈற்றில் நட்டம் எவர் தலையில் விழுந்தது என்ற வினாக்களே அவ்வுறுப்புகள். அவை நீங்கிய பின் எஞ்சுவதுதான் நகைப்புக்குரியதாகின்றது.

முதலில் பியர் வெள்ளத்தை நோக்கலாம். 1814ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் நாள் மாலை, இலண்டன் சென் ஜைல்ஸ் பகுதியிலிருந்த ஹோர்ஸ் ஷூ மதுவடிசாலையில் 22 அடி உயரமான மரப்பீப்பா ஒன்று வெடித்தது. போர்ட்டர் எனப்படும் கரிய பியரை மாதக்கணக்கில் இத்தகைய பீப்பாக்களில் முதிரவிடுவது அக்கால வழக்கம். பீப்பாவின் பருமனிலே வடிசாலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. வெடித்த பீப்பாவின் வேகத்தால் அயலிலிருந்த பீப்பாக்களும் உடைந்தன. வடிசாலையின் பின்சுவர் தகர்ந்தது. ஓர் இலட்சம் கலனுக்கு மேற்பட்ட பியர் புறத்தேயிருந்த ஒடுங்கிய தெருவினுட் பாய்ந்தது.

செய்தி இவ்வளவில் நின்றால் விந்தை. சற்று மேலே செல்லின் வேறொரு காட்சி தென்படும். சென் ஜைல்ஸ் இலண்டனின் மிக வறிய சேரிகளுள் ஒன்று. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் அங்கே நிலவறைகளிலும் ஒற்றை அறைகளிலும் குடும்பம் குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். வெள்ளம் நிலவறைகளையே முதலில் நிரப்பிற்று. அத்தகைய நிலவறை ஒன்றிலே, முதல் நாள் இறந்த இரண்டு வயது அயர்லாந்துக் குழந்தையொன்றின் உடலைச் சூழ்ந்து இழவு காத்திருந்தோருள் 5 பேர் மாண்டனர். அக்குழந்தையின் தாயும் அவர்களுள் ஒருத்தி. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த 14 வயதுப் பணிப்பெண் ஒருத்தி சுவரின் இடிபாட்டிலே புதைந்தாள். மாண்ட 8 பேரும் பெண்களும் குழந்தைகளுமே.

பீப்பாவை இறுக்கிய இரும்பு வளையங்களுள் ஒன்று அன்று மாலையே கழன்று வீழ்ந்திருந்தது. களஞ்சியப் பொறுப்பாளர் அதனைக் கண்டார், மேலிடத்துக்கு அறிவித்தார். தீங்கொன்றும் நேராது எனவும், பின்னர் திருத்துவதற்காகக் கடிதமொன்று எழுதிவைக்குமாறும் அவருக்குக் கூறப்பட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற் பீப்பா வெடித்தது. மரண விசாரணை யூரிகள் இரண்டு நாட்களுள் தமது முடிவைக் கூறினர்: தற்செயலாக, விபத்தாக, கெடுவாய்ப்பினால் நேர்ந்த மரணம். எனவே வடிசாலை நட்டஈடு எதனையும் வழங்கவேண்டியிருக்கவில்லை. மாறாக, சிந்திய பியருக்கு ஏற்கெனவே செலுத்திய தீர்வையிலே சுமார் 7,250 பவுணை நாடாளுமன்றத்தின் மூலம் அதுவே திரும்பப் பெற்றுக்கொண்டது. இறந்தோரின் ஈமச் செலவுக்கு வந்ததோ, அவர்தம் உடல்களைப் பார்க்க வந்த மக்கள் இட்டுச்சென்ற காசு. சிந்திய பியருக்கு அரசு இரங்கிய அளவு செத்த மனிதருக்கு இரங்கவில்லை என்ற இவ்வுண்மையைவிட விந்தையான செய்தி அப்பட்டியலில் வேறெது உண்டு? ஆயினும் அதனைச் சொல்லிச் சிரிப்பார் எவருமிலர்.

இவ்விடத்தில் இன்னொன்றும் கவனிக்கற்பாலது. தெருவிற் பாய்ந்த பியரைச் சேரி மக்கள் சட்டி பானைகளில் அள்ளிக் குடித்தனர் எனவும், குடித்தே ஒருவன் சில நாட்களின் பின் செத்தான் எனவும் ஒரு கதை இன்றும் வழங்குகின்றது. நிகழ்ச்சி நடந்த காலத்துப் பத்திரிகைகளிலே இதற்குச் சான்றில்லை. அயர்லாந்து ஏழைகளைப் பழிக்கத் தயங்காத அப்பத்திரிகைகள், அத்தகைய காட்சி நிகழ்ந்திருப்பின் அதனை விட்டுவைத்திருக்கமாட்டா. எனினும் கதை வாழ்கின்றது. காரணம் வெளிப்படை: அது விந்தையை மேலும் சுவையாக்குகின்றது. சுவைக்காகச் செய்தியை நாடுபவன் சான்றை நாடுவதில்லை. ஆதலால், மாண்டவர்களின் அயலவர்மேற் சுமத்தப்பட்ட அவதூறொன்றை இரண்டு நூற்றாண்டுகளின் பின்னரும் தன்னையறியாமலே காவித்திரிகின்றான்.

பொஸ்ரன் நிகழ்ச்சி இதனினும் தெளிவானது. 1919 ஜனவரி 15ஆம் நாள் நண்பகல், அந்நகரின் நோர்த் எண்ட் பகுதியில் 50 அடி உயரமும் 90 அடி விட்டமுமுடைய உருக்குத் தாங்கியொன்று பிளந்து, 23 இலட்சம் கலன் சீனிப்பாகு தெருவிற் பாய்ந்தது. அலை 25 அடி உயரமெனவும், மணிக்கு 35 மைல் வேகமெனவும் கணிக்கப்பட்டுள்ளது. மேம்பால இரயிற் பாதையின் இரும்புத் தூண்கள் வளைந்தன; தீயணைப்பு நிலையமொன்று அத்திவாரத்தினின்றும் பெயர்ந்தது. 21 பேர் மாண்டனர். 150 பேர் காயமுற்றனர். ஆங்கிலத்திலே மந்தகதிக்கு உவமையாக ஜனவரி மாதத்துச் சீனிப்பாகையே கூறுவர். அப்பாகு, அதே ஜனவரியில், ஓடும் மனிதரைத் துரத்திப் பிடித்தது என்பதில் ஒரு முரண்நகை உண்டு என்பதை மறுக்கவேண்டியதில்லை. மறுநாளே மதுவிலக்குச் சட்டத்திருத்தம் போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றதென்ற இணைப்புச் செய்தியும் விந்தை விரும்பிகளிடம் எப்போதும் கைவசம் இருக்கும்.

ஆனால் அப்பாகு ஏன் அங்கிருந்தது? அது உண்பதற்கன்று. கரும்புச் சீனியின் கழிவான அதனைப் புளிக்கவைத்து எடுக்கப்படும் மதுசாரம், முதலாம் உலகப்போர்க் காலத்திலே வெடிமருந்து உற்பத்திக்குப் பயன்பட்டது. ஐக்கிய அமெரிக்கக் கைத்தொழில் மதுசாரக் கம்பனி போர்க்காலக் கேள்வியை ஈடுசெய்ய 1915ஆம் ஆண்டில் அவசர அவசரமாக இத்தாங்கியை எழுப்பிற்று. மேற்பார்வைக்கு நியமிக்கப்பட்ட ஆதர் ஜெல் என்பவர் கம்பனியின் நிதிப்பகுதி அலுவலர், பொறியியலறிவு அற்றவர். தாங்கியை நீரால் நிரப்பிச் சோதிக்கவேண்டிய இடத்தில், அடியை மட்டும் மறைக்குமளவு நீர் விட்டுப் பார்த்தார்கள். தாங்கி முதலிலிருந்தே கசிந்தது. அயற்சிறுவர் வாளிகளோடு வந்து கசியும் பாகை ஏந்திச்சென்றனர். முறைப்பாடுகள் எழுந்தபோது கம்பனி செய்த பரிகாரம் ஒன்றுண்டு: கசிவு கண்ணிற் படாதவண்ணம், தாங்கிக்குப் பாகின் நிறத்திலேயே கபில வர்ணம் பூசியது! உருக்குத் தகடுகள் இருக்கவேண்டிய தடிப்பில் ஏறத்தாழ அரைவாசியே இருந்தனவெனப் பிற்காலப் பொறியியலாய்வு காட்டியுள்ளது.

தாங்கி ஏன் அவ்விடத்தில் எழுந்தது என்பதற்கும் விடை உண்டு. கப்பலும் இரயிலும் அருகே வந்தன என்பது ஒரு பாதி. மறுபாதி, நோர்த் எண்ட் இத்தாலியக் குடியேறிகளின் நெருக்கமான வாழிடம் என்பது. அவர்களுட் பலர் குடியுரிமை பெறாதோர், வாக்கற்றோர். செல்வர் வாழ்ந்த பகுதியொன்றில் இத்தகைய தாங்கி கேள்விமுறையின்றி எழுந்திருக்குமா?

விபத்தின் பின் கம்பனி கூறிய காரணம், அரசொழிப்புவாதிகள் வெடிகுண்டு வைத்தனர் என்பதாகும். அவ்வாண்டிலே இத்தாலிய அரசொழிப்புவாதிகளின் பெயரைக் கூறினால் எதனையும் நம்பும் மனநிலை அமெரிக்காவில் நிலவியது. அதே மாநிலத்தில் 1920இற் கைதாகி 1927இற் கொல்லப்பட்ட சாக்கோ, வன்செற்றி ஆகியோரின் வழக்கை அறிந்தோர்க்கு இது விளங்கும். ஆக, இத்தாலியர் குடியிருப்பை அழித்த குற்றத்தை இத்தாலியர் மீதே சுமத்த முயன்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் தொடுத்த வழக்கை நீதிமன்றத்தின் சார்பில் விசாரித்த ஹியூ ஒக்டன், ஆண்டுக்கணக்கில் சாட்சியம் கேட்டு, 1925ஆம் ஆண்டில் வெடிகுண்டுக் கதையைத் தள்ளி, தாங்கியின் அமைப்பிலிருந்த குறைபாடே காரணமெனக் கண்டார். கம்பனி 6,28,000 டொலர் வரையில் இழப்பீடு செலுத்தியது. கட்டடத் திட்டங்களைப் பொறியியலாளர் கணித்துக் கையொப்பமிட்டுப் பதிவுசெய்யவேண்டுமென்ற விதி அம்மாநிலத்தில் உறுதிபெற்றமைக்கு இவ்வழக்கும் ஒரு காரணம். சென் ஜைல்சில் கெடுவாய்ப்பு என மூடப்பட்ட ஏடு, பொஸ்ரனில் வழக்காக விரிந்ததற்குக் காரணம் பாகின் இயல்போ பியரின் இயல்போ அன்று. வழக்காடியோர் இருந்தனர், அவ்வளவே.

ஈமுப் போரைப்பற்றி நீளக் கூறவேண்டியதில்லை. 1932இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடும் 10,000 ரவைகளோடும் சென்ற படையினர் பறவைகளிடம் தோற்றனர் என்பது கதை. படையை அழைத்த கமக்காரர் பலர் உலகப்போரிலிருந்து மீண்டு, அரசினால் வளங்குன்றிய நிலங்களிற் குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர்; கோதுமை விலை வீழ்ந்து, வாக்களிக்கப்பட்ட உதவியும் கிட்டாது அவதியுற்றோர். வென்றதாகப் புகழப்படும் ஈமுக்களைப் பற்றியும் ஒரு சொல்: 1934இல் ஆறு மாத காலத்தில் மட்டும் 57,034 பறவைகளுக்குக் கொலைப்பரிசு கோரப்பட்டது.

இங்கே எதிர்வாதமொன்று எழும். மேலே கூறிய விவரங்களிற் பெரும்பாலானவை அதே விக்கிப்பீடியாக் கட்டுரைகளிலேயே உள்ளனவே, பின் குற்றம் எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; விடையும் அதிலேயே உண்டு. குற்றம் கலைக்களஞ்சியத்தினுடையதன்று. இணையக் கலைக்களஞ்சியத்தின் பெயரைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் விரிவுரையாளர் சிலரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. அதனைத் திறக்காதே எனத் தடுப்பவரும், திறந்து முதல் வரியோடு மூடுபவனும் ஒரே பயனையே அடைகின்றனர். 1640ஆம் ஆண்டளவில் கோவாவில் போர்த்துக்கேயருக்கும் மராட்டியருக்குமிடையே நிகழ்ந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட பிச்சோலிம் போர் பற்றிய கட்டுரை, 2007 முதல் 2012 வரை அங்கே நிலைத்ததோடு, நல்ல கட்டுரை என்ற தரச்சான்றும் பெற்றிருந்தது. இதனைத் தடுப்போர் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவர். ஆனால் அப்பொய்யை அகற்றியதும் தடை விதித்தோரல்லர். அடிக்குறிப்பிலே காட்டப்பட்ட நூல்கள் உண்மையில் உள்ளனவா என்று தேடிப்பார்த்த ஒரு வாசகரே அதனை வெளிக்கொணர்ந்தார்.

கலைக்களஞ்சியம் என்ற வடிவத்தின் வரலாறும் இதற்குச் சாட்சி கூறும். 1751 முதல் வெளிவந்த தீதரோவின் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம், நரமாமிசம் உண்போர் பற்றிய விந்தைக் கட்டுரையின் இறுதியில், கிறித்தவ நற்கருணை பற்றிய கட்டுரையையும் காண்க என வாசகனை அனுப்பிற்று. திருச்சபையை நேரே தாக்க இயலாத காலத்திலே, ஓர் இணைப்பு அப்பணியைச் செய்தது. விந்தை அங்கே விசாரணையின் வாயிலாயிற்று. 1902இல் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளை அபிதான கோசத்தை வெளியிட்டபோதும், பெயர்களையும் வரலாறுகளையும் அகர வரிசையில் நிறுத்தியது வியந்துவிட்டு மூடுவதற்காகவன்று. ஐயுற்றவன் தேடிக் காண்பதற்காகவே.

2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவோருட் பல்கலைக்கழக மாணவரும் உளர். ஆங்கிலத்து விந்தைகளைத் தமிழாக்கம் செய்யும்போது முதற்பந்தியை மட்டும் பெயர்த்துவிட்டு அமைதலே எளிது. பியரின் அளவைப் பெயர்ப்பவர் யூரிகளின் முடிவையும் பெயர்த்தல் வேண்டும்; அலையின் உயரத்தை எழுதுபவர் கபில வர்ணத்தையும் எழுதுதல் வேண்டும். அதற்கு மேலதிகமாக வேண்டப்படுவது அரைமணி நேரமே. அவ்வரைமணியை அடுத்த விந்தைக்கு ஒதுக்கியிருப்போரிடமே இக்கோரிக்கை முன்வைக்கப்படுகின்றது.

சென் ஜைல்சில் வடிசாலை 1921இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று நாடக அரங்கொன்று நிற்கின்றது. பொஸ்ரனில் தாங்கி நின்ற இடம் விளையாட்டுத் திடல். அதன் வாயிலில் சிறியதொரு நினைவுப் பலகை உண்டு. மாண்டோர் 21 பேர் என்பதையும், அலையின் உயரத்தையும், தாங்கியின் அமைப்புக் குறைபாட்டையும் அது கூறுகின்றது. தாங்கி எக்கம்பனிக்கு உரியது என்பதை மட்டும் கூறவில்லை.