மாறுகண் அதிர்ஷ்டமா?

"மாறுகண் பிள்ளை, அதிர்ஷ்டக்காரன்" என்று சொல்வது நம் வீடுகளில் வழக்கம். அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, ஒரு கண்ணின் பார்வை போய்விடக்கூடும்.

எப்படி? இரண்டு கண்களும் ஒரே பொருளைப் பார்க்க வேண்டும். ஒரு கண் திரும்பியிருந்தால் மூளைக்கு இரண்டு படங்கள் போகும். சிறு பிள்ளையின் மூளை, திரும்பிய கண் அனுப்பும் படத்தைத் தள்ளிவிடும். நாளடைவில் அந்தக் கண் பார்க்கும் பழக்கத்தையே இழந்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பலன் அதிகம். பிறகு சிரமம்.

"ஸ்கேன் எடுக்க வேண்டுமா?" என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. டாக்டர் டார்ச் விளக்கை அடித்து, ஒளிப்புள்ளி இரண்டு கருவிழிகளிலும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பார். ஒரு கண்ணை மறைத்து, மற்றக் கண் நகர்கிறதா என்று கவனிப்பார். சிலருக்குக் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். இவர்களுக்கு ஸ்கேன் எடுப்பது வீண் செலவு.

திடீரென்று வரும் மாறுகண் அப்படியல்ல. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றை ஏவுபவை மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள். மூளையில் கட்டி வளர்ந்து நரம்பை நெருக்கினாலும் கண் திரும்பும். நேற்றுவரை நேராக இருந்த கண் இன்று திரும்பி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. டார்ச் வெளிச்சம் மூளைக்குள் எட்டாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எட்டும்.

பந்து முகத்தில் பட்ட பையன் கதையும் இதுதான். கண்குழியின் அடியில் உள்ள மெல்லிய எலும்பு விரிந்து, தசை அதில் சிக்கிக்கொள்ளும். வெளியே பெரிய காயம் தெரியாது. பையனால் மேலே பார்க்க மட்டும் முடியாது, வாந்தியும் வரும். சி.டி. ஸ்கேன் அந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கும். சிக்கிய தசையைச் சீக்கிரம் விடுவிக்காவிட்டால் அது கெட்டுவிடும்.

லண்டனில் 1971-ல்தான் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதில் பாய்வது எக்ஸ்ரே கதிர். ஆகவே பிள்ளைகளுக்கு அவசியமில்லாமல் எடுக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர் இல்லை. ஆனால் ஆடாமல் படுக்க வேண்டும். எந்தக் குழந்தை படுக்கும்? அதனால் மயக்க மருந்து கொடுப்பதுண்டு.

இன்னொன்று. வீட்டில் எடுத்த போட்டோவில், குழந்தையின் கண் பாப்பா வெள்ளையாக மின்னுகிறதா? விழித்திரையில் புற்றுநோய்க் கட்டி இருந்தாலும் அப்படித் தெரியும். மாறுகண்ணும் வரும். அப்படியொரு போட்டோ உங்கள் வீட்டில் இருந்தால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாளையே குழந்தையுடன் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.