வர்தாவும் ஒரு ரோஸ் கலர் நோட்டும்

புயலுக்குப் பெயர் வைக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களை ஒருநாள் நேரில் பார்த்துக் கும்பிடு போட வேண்டும் சார். 2016 டிசம்பர் 12-ல் சென்னையைப் புரட்டிப் போட்டதே வர்தா, அது பாகிஸ்தான் கொடுத்த பெயர். அர்த்தம், ரோஜாவாம்! ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்த ரோஜா.

அம்மையார்குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே 90, 100 கிலோமீட்டர். புயல் என்றால் திருத்தணி முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆட்கள் நாங்கள். ஆனால் இந்த ரோஜா சென்னையில் கரையேறி மேற்கே எங்கள் பக்கம்தான் நகரும் என்று ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் சொல்லிவிட்டார்கள். சரி, சாமான் வாங்கி வைக்கலாம் என்றால், காசு?

500, 1000 செல்லாது என்று அறிவித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் இரண்டாவது சனி, பேங்க் லீவு. ஞாயிறும் லீவு. ஏ.டி.எம்.மில் நாளைக்கு 2,500 எடுக்கலாம் என்பது சட்டம். மெஷினில் பணம் இருப்பது அதிர்ஷ்டம். கியூவில் நின்ற சகா ஒருத்தனுக்கு அதிர்ஷ்டம் அடித்து, ஒரே ஒரு 2,000 ரூபாய் நோட்டு வந்தது. அதுவும் ரோஸ் கலர்!

மளிகைக்கடையில் நீட்டினோம். "சில்லறை கிடையாது நைனா. ரெண்டாயிரத்துக்கும் வாங்கு, இல்லாட்டி ஃபிரேம் போட்டு மாட்டிக்க" என்றார் கடைக்காரர்.

நாலு பேர் வீட்டு லிஸ்ட்டையும் ஒன்றாக்கினோம். "பி.காம். படிச்சவன் நீதானேடா" என்று கணக்கு நோட்டை என் தலையில் கட்டினார்கள். அரிசி, துவரம்பருப்பு, பிஸ்கட், தீப்பெட்டி, டார்ச்சுக்கு பேட்டரி, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பால் பவுடர். அகலும் எண்ணெயும் மட்டும் யார் லிஸ்ட்டிலும் இல்லை. மறுநாள் கார்த்திகை தீபமாச்சே, எல்லா வீட்டிலும் ரெடி. கரண்ட் போகப்போவது பஞ்சாங்கக்காரருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது!

லிஸ்ட் 1,420-ல் நின்றது. மிச்சத்துக்கு முறுக்கு, மிக்ஸர் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தபோது, தறி ஓட்டுகிற சகா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாக, "ஒரு தார்ப்பாய் வாங்கலாமாடா?" என்றான்.

அவனுக்கு ரெண்டு பவர்லூம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அந்த வாரம்தான் புதுப்பாவு ஏற்றியிருந்தான். நூல் அவனுடையது இல்லை, முதலாளியுடையது. நெய்து கொடுத்தால்தான் கூலி. கஞ்சி போட்ட பாவு நனைந்து கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். இழை இழையாக அறுந்து, நெய்கிற நேரத்தைவிட முடிச்சுப் போடுகிற நேரம் அதிகமாகும். பாழான நூலுக்குக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். பாதுகாப்பாகத் தூக்கி வைக்கலாம் என்றால், தறியில் பிணைத்த பாவு என்ன, பருப்பு டப்பாவா?

மிக்ஸர் கேன்சல். மளிகைக்கடைதான், ஆனாலும் எங்க ஊர் மளிகைக்கடையில் கயிறும் உண்டு, தார்ப்பாயும் உண்டு. 580 ரூபாய். கணக்கு 'டாண்' என்று நேரானது.

அன்று ராத்திரியே தறிகளைப் போர்த்திக் கட்டினோம். ஷீட் பறக்காமல் இருக்க மேலே மணல் மூட்டை. நூல் கோன்களை எங்கள் வீட்டு மாடி ரூமுக்கு மாற்றினோம்.

திங்கள் மதியம் கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிச் சத்தம் ஒரேயடியாக நின்றது. அந்த அமைதிக்கே பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். சாயங்காலம் காற்றில் வாசலில் ஒரு அகல் நிற்கவில்லை. அம்மா அண்டாவுக்குள் வைத்துத் தீபம் ஏற்றினார். நாங்கள் நாலு பேரும் தறிக்கூடத்தில். எட்டு மணிக்கு ஷீட் ஒன்று மூலையில் உடைந்தது. தார்ப்பாயில் குளம் கட்டும், ஒருத்தன் மூங்கிலால் தள்ளி விடுவான், மறுபடி கட்டும். விடியும்வரை முறை வைத்துத் தள்ளினோம்.

கரண்ட் வந்ததும் பிரித்துப் பார்த்தான். பாவு காய்ந்தே இருந்தது. 'டக் டக்' கேட்ட பிறகுதான் அவன் சிரித்தான்.

அந்த ரோஸ் நோட்டை 2023-ல் ரிசர்வ் வங்கி திரும்பப் பெற்றுக்கொண்டது. தார்ப்பாய்க்கு மட்டும் இன்னும் ரிடையர்மென்ட் இல்லை. ஒட்டுப் போட்டு மாண்டஸ், மிக்ஜாம் இரண்டுக்கும் கட்டினோம். என் கணக்கு நோட்டில் 'தார்ப்பாய் 580' என்ற வரிக்கு நேரே, யார் பற்று என்கிற இடம் காலியாக இருக்கிறது. அவன் இரண்டு தடவை பணம் கொண்டு வந்தான். மூன்று பேரும் வாங்க மறுத்துவிட்டோம்.