சேறு என்று சும்மா சொல்லாதீர்கள்

போன மாதம் எங்கள் எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றியது. வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் நாணல் மண்டிக் கிடக்கிறது, கொசு வருகிறது, கோடையில் டைகர் ஸ்நேக் ஒன்றைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். விற்கும்போது 'லேக் வியூ' என்று விற்றார்கள், இப்போது லேக்கே தெரியவில்லை. எனவே கவுன்சில் நாணலை எல்லாம் எடுத்துவிட்டு, கரையில் புல் விரித்துத் தர வேண்டும். இதுதான் மனு. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். நானும் போட்டேன். படிக்காமல் போட்டேன் என்று தப்பிக்க முடியாது, படித்துவிட்டுத்தான் போட்டேன்.

இப்போது அது தப்பு என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, மெல்போர்னுக்கு முன்னால் கிடக்கும் போர்ட் பிலிப் விரிகுடாவின் அடியில் இருக்கும் சேற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மெல்போர்னின் மேற்குப் பக்கம் வீடு பார்க்கும் நம்ம ஆட்கள் ஏஜென்ட்டிடம் முதலில் கேட்கும் கேள்வி, "வெர்ரிபீ நாத்தம் இங்கே வருமா?" என்பதுதான். 1897 முதல் மெல்போர்னின் கழிவுநீர் வெர்ரிபீக்குத்தான் போகிறது. இன்றைக்கும் நகரத்தின் கழிவுநீரில் ஏறக்குறைய பாதி அங்கேதான் சுத்திகரிக்கப்படுகிறது. சுத்தம் செய்த தண்ணீர் விரிகுடாவில் விழுகிறது. யாரா ஆறும் நூற்றுக்கணக்கான மழைநீர்க் கால்வாய்களும் அதில்தான் வந்து சேர்கின்றன. விரிகுடாவோ ஏறக்குறைய மூடின தட்டு மாதிரி. பரப்பளவு சுமார் 1,930 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழம் 13 மீட்டர்தான். கடலோடு சேரும் வாய் சில கிலோமீட்டர் அகலம்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுதாக மாறுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும்.

ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரத்தின் கழிவு இப்படி ஒரு தட்டில் விழுந்தால், தண்ணீர் பச்சையாகிப் பாசி பிடித்து மீன் செத்து மிதக்க வேண்டும். அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவிலும் ஐரோப்பாவில் பால்டிக் கடலிலும் அதுதான் நடந்தது. இங்கே பெரிய அளவில் அப்படி நடக்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க 1992 முதல் 1996 வரை சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. விஞ்ஞானிகள் பெரிய ஆய்வு ஒன்று நடத்தினார்கள். வந்து சேரும் நைட்ரஜனில் பெரும் பகுதியை அடியில் இருக்கும் சேறுதான் காற்றாக மாற்றி அனுப்பிவிடுகிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில்.

இதை என் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமனார் குறுக்கே பேசினார். "மாப்ள, தழைச்சத்து காத்தா போவுறது எங்களுக்குத் தெரியாததா? தண்ணி நிக்கிற வயல்ல யூரியாவ எறைச்சா பாதி போயிடும். அதான் தண்ணிய வடிய வச்சுட்டுப் போடுவோம். வேப்பம்புண்ணாக்குல கலந்து ராத்திரி முழுக்க வச்சிருந்து மறுநாள் போடுவோம்."

நான் இரண்டு நாள் உட்கார்ந்து படித்ததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். வயல் சேற்றிலும் விரிகுடாச் சேற்றிலும் நடப்பது ஒரே வேலை. பாசி செத்து அடியில் படிகிறது. பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது அம்மோனியம் வெளிவருகிறது. சேற்றின் மேல் தோலில், சில மில்லிமீட்டருக்கு மட்டும், ஆக்சிஜன் இருக்கும். அங்கே இருக்கும் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்குகிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேறு. அங்கே இருக்கும் இன்னொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விட்டுவிடுகிறது. நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் அதுதான், யாருக்கும் கெடுதல் இல்லை. வேப்பம்புண்ணாக்கு செய்வது என்னவென்றால், அந்த முதல் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைப்பதுதான். 2015 முதல் இந்தியாவில் யூரியாவையே வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். விவசாயிக்கு நஷ்டமாகிற அதே வேலைதான் விரிகுடாவுக்கு உயிர்.

கவனிக்க வேண்டியது, இந்த வேலைக்கு ஆக்சிஜன் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒட்டி ஒட்டி இருக்க வேண்டும். சேற்றில் வளை தோண்டும் இறால்களும் புழுக்களும் இங்கேதான் உதவுகின்றன. வளைக்குள் தண்ணீரை அடித்து உள்ளே தள்ளும்போது ஆக்சிஜன் ஆழத்துக்குப் போகிறது. ஒவ்வொரு வளையின் சுவரும் இன்னொரு தோல் ஆகிவிடுகிறது. சூரிய ஒளி படும் இடங்களில் சேற்றின் மேல் படரும் நுண்பாசிகளும் தங்கள் பங்குக்கு அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

பாரம் கூடினால் கதை தலைகீழ். அடியில் விழும் குப்பை அதிகமானால் அதைச் சிதைப்பதிலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். புழுவும் இறாலும் சாகும். அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்க ஆள் இல்லை. நைட்ரேட் இல்லாவிட்டால் வாயுவும் இல்லை. அம்மோனியம் அப்படியே மேலே தண்ணீருக்குத் திரும்புகிறது. அதைத் தின்று பாசி வளர்கிறது, செத்து மறுபடி அடிக்கு வருகிறது. நைட்ரஜனை விழுங்கிக்கொண்டிருந்த அதே சேறு இப்போது கக்கத் தொடங்குகிறது. ஆறு கடலோடு சேரும் இடத்தில் உப்புக்கும் ஒரு பங்கு உண்டு. நன்னீரில் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு வரும் அம்மோனியத்தை உப்புநீரில் இருக்கும் சோடியம் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சர்வரில் லோடு ஏற ஏற ஒன்றும் தெரியாது, கிராஃப் சமமாகவே போகும். ஒரு இடம் தாண்டினால் க்யூ சேர ஆரம்பிக்கும், ரீட்ரை அடித்து அடித்து அதுவே லோடு ஆகிவிடும். ஆனால் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணலாம். விரிகுடாவை முடியாது.

அந்த ஆய்வாளர்கள் இந்த எல்லையைப் பற்றித்தான் எச்சரித்தார்கள். விரிகுடா நன்றாக இருக்கிறது, இருந்தாலும் ஆண்டுக்கு 1,000 டன் நைட்ரஜனைக் குறையுங்கள் என்றார்கள். அதில் 500 டன்னை வெர்ரிபீயில் குறைப்பது என்று முடிவாயிற்று. 2000-களின் முதல் பாதியில் அங்கே குளங்களோடு புதிய சுத்திகரிப்பு அமைப்புகளைச் சேர்த்தார்கள். சேறு செய்யும் அதே வேலையை மின்சாரத்தில் ஊதிச் செய்யும் அமைப்புகள். செலவு பெரிது, பில்லில் நாம் எல்லோரும் கட்டுகிறோம். மீதி 500 டன் எங்கிருந்து? தெருக்களிலிருந்து. அதாவது மழைநீரிலிருந்து.

இங்கேதான் நம் குளம் வருகிறது. அது லேக் இல்லை. அலங்காரத்துக்கு வெட்டியதும் இல்லை. விக்டோரியாவில் புது எஸ்டேட் போடுகிறவர்கள், அங்கிருந்து ஓடும் மழைநீரில் நைட்ரஜனை 45 சதவீதம் குறைத்துத்தான் வெளியே விட வேண்டும் என்று வழிகாட்டி நெறிகள் 1999-லேயே வந்துவிட்டன. அதற்காகக் கட்டியதுதான் அந்த நாணல் குளம். நாணல் தண்டில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு முழுவதும் பாக்டீரியா. நாணல் தன் வேர் வழியாகச் சேற்றுக்குள் ஆக்சிஜன் இறக்குகிறது. வேரைச் சுற்றி நைட்ரேட், கொஞ்சம் தள்ளினால் வாயு. இறால் வளை செய்யும் வேலையை இங்கே வேர் செய்கிறது. அதை வெட்டிவிட்டுப் புல் விரித்தால் என்ன ஆகும்? வேலை செய்யும் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உரம் கேட்கும் புல்லை வைக்கிறோம். கூடவே வாத்துக்கு ரொட்டியும் போடுவோம்.

உரம் என்றதும் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முன் வாசல் புல்லுக்கு வசந்த காலத்தில் உரம் போட்டேன், அன்று இரவே நல்ல மழை. காலையில் குருணை ஒன்றுகூட இல்லை. மாமா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அது போன பாதை எனக்கு இப்போது தெரியும்: தெருச் சாக்கடை, நாணல் குளம், ஓடை, விரிகுடா.

விரிகுடா இத்தனை நாள் தாங்கியதே, இனியும் தாங்காதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். தாங்கலாம். ஆனால் அது தனியாக இருந்த காலத்து நிலைமை இன்று இல்லை. 1995-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட வடபசிபிக் நட்சத்திர மீன், ஐந்தே வருடத்தில் பத்துக் கோடியைத் தாண்டியது. அதற்கு முன்பே ஐரோப்பிய விசிறிப் புழு வந்துவிட்டது. தண்ணீரில் மிதக்கும் உணவு சேற்றுக்குப் போகுமுன் அந்தப் புழு வடிகட்டித் தின்றுவிட்டு அம்மோனியத்தை நேராகத் தண்ணீரில் விடுகிறது, சேற்றுக்கு வேலை செய்ய வாய்ப்பே இல்லை. இன்னொரு பக்கம் மேற்குப் புறநகரில் வீடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. புல்வெளியாக இருந்த நிலம் கூரையும் கான்கிரீட்டும் ஆகிறது. அந்த வீடுகளை வாங்குகிறவர்கள் வேறு யாரும் இல்லை, நாம்தான்.

கொசுவும் பாம்பும் பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் ஐந்து வயதுப் பெண் இருக்கிறாள், குளக்கரையில் அவளைத் தனியாக விடமாட்டேன். ஆனால் அதற்குக் கேட்க வேண்டியது வேறு. நடைபாதையின் இரண்டு பக்கமும் புல்லைக் குட்டையாக வெட்டச் சொல்வோம். முதலில் தண்ணீர் விழும் குட்டையில் சேர்ந்திருக்கும் மண்ணை அள்ளச் சொல்வோம், பல வருடம் அள்ளாவிட்டால் முழுக் குளமும் மேடாகிவிடும். அடைத்துக்கொண்ட குழாய் வாயைப் பார்க்கச் சொல்வோம், தண்ணீர் தேங்கிக் கொசு வருவது பாதி அதனால்தான். களை எது, நட்ட நாணல் எது என்று பிரித்து, களையை மட்டும் எடுக்கச் சொல்வோம். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கு என்று கேட்பதுதான் நமக்கு உரிமையான கேள்வி.

கையெழுத்தை வாபஸ் வாங்குவதாகக் கவுன்சிலுக்கு மெயில் போட்டுவிட்டேன். மேலே சொன்ன நான்கையும் கேட்டுப் புது மனு ஒன்று எழுதி, ஆங்கிலத்திலும் தமிழிலும் குழுவில் போட்டிருக்கிறேன். கருத்துச் சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இதுவரை ஆறு கையெழுத்து. ஏழாவதாக மாமா போடுகிறேன் என்கிறார். விசிட்டர் விசாவில் வந்தவர் போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.